மஞ்சள் தெளித்த முந்திரிக் கொல்லை

தம்பி,

இந்த உறையை நான் ஒட்டவில்லை. டிவி மேல் வைத்துவிட்டுப் போகிறேன். நீ வருவதற்கு முன்னால் உன் அத்தை எடுத்துப் படித்தாலும் சரி, படித்துவிட்டுத் தெருவில் நின்று சொன்னாலும் சரி. எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். வாயால் சொல்லலாம் என்றால் நீ என்னை முழுசாக ஒரு வாக்கியம் பேச விடுவதில்லை. "சும்மா இரும்மா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்று எழுந்து போய்விடுகிறாய். காகிதத்திடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போ பார்க்கலாம். திரும்பி வந்தாலும் அது அங்கேயேதான் கிடக்கும்.

நீ இப்போது தகடு எடுக்கிற ஆளைக் கூட்டிவரப் போயிருக்கிறாய். நாளைக் காலையில் அவர் வந்து நம் முந்திரிக் கொல்லையில் எங்கே தோண்டுவது என்று காட்டுவார், நீ தோண்டுவாய். யாரோ செய்வினை செய்து செப்புத் தகடு புதைத்திருக்கிறார்கள், அது வெளியே வந்துவிட்டால் வான்கோழி சாவது நிற்கும், அதற்கப்புறம் மீமிசலில் இருக்கிற அமுதாவைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது உன் நினைப்பு. அதற்குள் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று நீ நினைத்துப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆகி ஒரு தீபாவளிகூட முடியாத பெண்டாட்டியை, "கொஞ்ச நாளைக்கு ஒங்க வீட்ல இரு" என்று ஆலங்குடியில் பஸ் ஏற்றிவிட்டு வந்தவனைப் பெற்றவள் நான். எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகக் கேள். நீ சிங்கப்பூரிலிருந்து வந்து வான்கோழி வளர்க்கப் போகிறேன் என்றாய். தெருப் பக்கம் சிமெண்டுத் தரை போட்டுக் கொட்டகை கட்டினாய், தினம் கழுவிவிட்டாய். அவையும் நன்றாகத்தான் இருந்தன. அந்தச் சேவல்களுக்கு ஒரு குணம் உண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் நீயே சிரித்துக்கொண்டு காட்டுவாய். எதிரில் நின்று ஒரு தரம் இருமினால் போதும், அத்தனையும் சேர்ந்து ஒரே குரலில் பதில் சொல்லும். தும்மினாலும் சொல்லும், பஸ் ஹாரன் அடித்தாலும் சொல்லும். எதிர்வீட்டுக்காரர் "என்ன, ஒங்க வீட்ல சட்டசபை கூடிருச்சா?" என்று கேலி பண்ணுவார். அப்புறம் உன் கல்யாணம் வந்தது. சமையல்காரர்கள் அடுப்புப் போட இடம் கேட்டார்கள். கொட்டகையைக் காலி பண்ணி, வான்கோழிகளைப் பின்னால் முந்திரிக் கொல்லைக்கு ஓட்டி வலை கட்டி அடைத்தோம். கல்யாணம் முடிந்ததும் கொட்டகையில் கடலை மூட்டை ஏறிவிட்டது. வான்கோழிகள் கொல்லையிலேயே தங்கிவிட்டன. "மண்ணுல மேயட்டும், நல்லாருக்கும்" என்று சொன்னவள் நான்தான்.

அது என் நாட்டுக்கோழிகள் வழிவழியாக மேய்ந்த கொல்லை. வான்கோழிகள் முட்டையிட ஆரம்பித்ததும், இங்கே எல்லோரும் செய்கிற மாதிரி, முட்டையை நாட்டுக்கோழிக்கு அடை வைத்தேன். வான்கோழிப் பெட்டை அடையில் உட்கார்ந்துவிட்டால் முட்டை நின்றுபோகும். நாட்டுக்கோழிக்கு எந்த முட்டையானாலும் தன் முட்டைதான். கூடையில் மணல் பரப்பி, இடிக்குப் பயந்து ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டு, என் செவலைக் கோழியை உட்கார வைத்தேன். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அமுதா. கடலோரத்துக் கருவாட்டு வியாபாரி வீட்டுப் பெண், கோழி அடைகாத்துப் பார்த்ததே இல்லையாம். குஞ்சு பொரித்த பிறகு அவளைக் கொல்லையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவதே எனக்கு வேலையாகிவிட்டது. அப்போது நல்ல மழை. செவலை ஈரமண்ணைக் காலால் கிளறும், மண்புழு வரும், தான் தின்னாது. கொக் கொக்கென்று கூப்பிட்டு அத்தனையையும் குஞ்சுகளுக்கு முன்னால் போடும். "அத்தே, இங்க பாருங்க, தனக்குன்னு ஒண்ணு எடுத்துக்க மாட்டேங்குது" என்று அமுதா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

அப்புறம் மஞ்சள் வந்தது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் முந்திரி மரத்தடியில் அங்கங்கே பளீரென்று மஞ்சள் திட்டு. உன் அத்தை செல்வி பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள். "அண்ணி, யாரோ மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுப் போயிருக்காங்க" என்றாள். மறுநாளும் இருந்தது, அதற்கு மறுநாள் இன்னும் அதிகம். அது வான்கோழிக் குஞ்சுகளின் எச்சம் என்று பிறகு கண்ணால் பார்த்தோம், ஆனாலும் முதல் நாள் விழுந்த எண்ணம் மனசை விட்டுப் போகவில்லை. குஞ்சுகள் மேயவில்லை. இறக்கையைத் தொங்கப்போட்டு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்ற இடத்திலேயே நின்றன. விரட்டினால் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி அப்படியே நிற்கும். செவலைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மினுமினுவென்று இருந்தது. நின்றபடி செத்துக்கொண்டிருந்த குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றி வந்து, கிளறிப் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வர ஒன்றுமில்லாமல் போன பிறகும் கூப்பிட்டது. அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்கும், நான் மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

பிறகு பெரியவை. உன்னிடம் நான் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் உச்சி வெயிலில் துணி எடுக்கக் கொல்லைப் பக்கம் போனேன். எனக்கு என்னவோ போல இருந்தது, என்ன என்று புரியவில்லை. கொடியில் துணி, மரத்தில் இலை, எல்லாம் அசையாமல் இருந்தது. சேவல்கள் வலைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தன. வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன். பதில் இல்லை. இன்னும் பலமாக இருமினேன். ஒரே ஒரு சேவல் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மெல்ல மூடிக்கொண்டது. மற்றவை திரும்பக்கூட இல்லை. பட்டப்பகலில், என் வீட்டுக் கொல்லையில், எனக்குப் பயம் வந்துவிட்டது. உன் அப்பா போன அன்றைக்குக்கூட எனக்கு அப்படி ஒரு பயம் வந்ததில்லை. துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

அந்த வாரமே அமுதா கிணற்றடியில் அலறினாள். ஓடிப் போனால் துவைகல் மேல் ஒரு சாரைப்பாம்பு, ஓடாமல் சுருண்டு கிடக்கிறது. கழுத்திலிருந்து பாதி உடம்பு வரைக்கும் சாம்பல் நிறத்தில் உருண்டை உருண்டையாக, பார்த்தால் உடம்பெல்லாம் கண் வைத்த மாதிரி. "அத்தே, எல்லாக் கண்ணும் என்னையே பாக்குது" என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அது தானாகவே நழுவி வேலிக்குள் போய்விட்டது. அதைப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான், ஆனால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. அது புதுப்பெண் கண்ணில் முதலில் ஏன் பட்டது என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மயிலைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கடலைக் கொல்லைக்கு வருகிற மயில்களை நாம் கல்லெடுத்து விரட்டாத நாள் இல்லை, கையை ஓங்குவதற்குள் வேலி தாண்டிவிடும். அன்றைக்கு ஓர் ஆண்மயில் தோகையை மண்ணில் இழுத்துக்கொண்டு நடந்து வந்தது. நாம் எல்லோரும் நின்றிருந்தோம், நீயும் இருந்தாய். நம்மைப் பார்த்து ஓடவில்லை. அமுதாவுக்கு எதிரில் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டது. நெடுநேரம் அப்படியே நின்றது. செல்வி "முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மயில் முன்னால் சாய்ந்து, அலகு மண்ணில் குத்தி, அப்படியே விழுந்தது. வனத்துறைக்காரர்கள் வந்து அதைத் தூக்கினார்கள். நான் உன் முகத்தைப் பார்த்தேன் தம்பி. நீ மயிலைப் பார்க்கவில்லை, உன் பெண்டாட்டியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் செல்வி குறி கேட்கப் போனதும், கடல் பக்கத்திலிருந்து வந்த கால் ஒன்று இந்த வீட்டில் பட்டிருக்கிறது என்று குறி சொன்னதும் உனக்குத் தெரியும். சம்பந்தம் மீமிசலில் என்று குறிக்காரருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று நான் கேட்டதற்கு இன்றுவரை செல்வி பதில் சொல்லவில்லை. உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அமுதா கொல்லை மண்ணை மிதிப்பதை நிறுத்திவிட்டாள். கிணற்றுக்குப் போக வேண்டுமானால் வேலி ஓரமாகப் போட்டிருக்கிற கல் மேலேயே கால் வைத்துச் சுற்றிப் போவாள். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். ஒரு நாள் கழுவிக்கொண்டே, "நான் வந்த பெறகுதானே அத்தே எல்லாம்?" என்று கேட்டாள். அழவில்லை, சாதாரணமாகக் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் உன் அப்பா போர் போட்டார். புகைதான் வந்தது, சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அப்போதும் இதே செல்விதான், பாவாடை தாவணியில் நின்றுகொண்டு, "அண்ணி வந்த நேரம்" என்று இழுத்தாள். உன் அப்பா போர்க்காரர்கள், பங்காளிகள், எல்லோருக்கும் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்: "தண்ணியில்லாத எடத்த காட்டுனது நானு. அவ என்னடி செய்வா? பேசாமப் போ அங்கிட்டு." அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தப் பேச்சு இந்த வீட்டில் எழவில்லை. மனுஷனுக்கு ஆயிரம் குறை உண்டு, சீட்டாடுவார், சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவரோடு கடைசிவரை இருந்தேன். அந்த வார்த்தை உனக்கு ஏன் வரவில்லை?

நீ அமுதாவை ஏற்றிவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாயே, அன்றைக்கு நான் ஒரு வேலை செய்தேன். சாகக் கிடந்த சேவல் ஒன்றைச் சாக்கில் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, ஆலங்குடிக்கு பஸ் ஏறினேன். கண்டக்டர் "என்னம்மா, கோயிலுக்கா?" என்றார். "ஆஸ்பத்திரிக்கு" என்றேன். மாட்டு டாக்டர் ஒரு சின்னப் பெண். கையில் உறை மாட்டிக்கொண்டு தொடுவதற்குள் சேவல் உயிரை விட்டுவிட்டது. "அறுத்துப் பாத்துரலாமாம்மா?" என்று கேட்டாள். நானும் கூடவே நின்றேன். ஈரல் முழுக்க வட்டம் வட்டமாகப் புண், ஓரம் உயர்ந்து நடுவில் குழிந்து. என் கையில் இருக்கிற அம்மை குத்திய தழும்பு மாதிரியே இருந்தது. கடைக்குடலில் பை போல இரண்டு இருக்குமே, அவை வீங்கி உள்ளே கட்டிபட்டுக் கிடந்தன. "வீட்ல நாட்டுக்கோழி இருக்கா? நல்லாருக்குற கோழி ஒண்ணு கொண்டாங்க" என்றாள்.

மறுநாள் செவலையைக் கொண்டுபோனேன். வேறு எதைக் கொண்டுபோவது, குஞ்சுகளோடு திரிந்தது அதுதானே. வழியெல்லாம் என் மடியில் கொழுகொழுவென்று சுகமாக உட்கார்ந்து வந்தது. அதையும் அறுத்து, குடலில் அந்த இரண்டு பைகளைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே வெள்ளை நூல் வெட்டிப் போட்ட மாதிரி சின்னச் சின்னப் புழுக்கள், உயிரோடு நெளிந்துகொண்டிருந்தன. ஈரலில் ஒரு கீறல்கூட இல்லை. "இது கோழிய பெருசா ஒண்ணும் பண்ணாதும்மா. இந்தப் புழு போடுற முட்டைக்குள்ள இன்னொரு கிருமி ஒக்காந்திருக்கும். எச்சத்தோட மண்ணுல விழும், மண்புழு அதத் திங்கும், மண்புழுவ வான்கோழி திங்கும். வான்கோழிக்கு அது எமன். கருந்தலை நோய்னு சொல்லுவோம்" என்றாள். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டே, "இதுக்கு முன்னாடி எங்கம்மா வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். சிமெண்டுத் தரையில் என்றேன். "எப்ப எறக்கி மண்ணுல விட்டீங்க?" என்றாள். கல்யாணத்துக்கு என்றேன், சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

அமுதா வந்த நேரமும் வான்கோழி மண்ணில் இறங்கிய நேரமும் ஒன்றுதான் தம்பி. அவளுக்கு ஆலம் சுற்றி வீட்டுக்குள் அழைத்தபோதே நாம் அவற்றைப் பின்பக்கம் சாவுக்குள் ஓட்டிவிட்டிருந்தோம். உன் கல்யாணச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்ட இடம் வேண்டும் என்று. ஏதோ ஒரு கால்தான் கொண்டுவந்தது என்று நீ சாதிப்பாயானால், ஈரமண்ணைக் கிளறிய செவலையின் கால் இருக்கிறது. கோழிக்கூட்டை மிதித்த செருப்போடு குஞ்சுகளுக்குத் தீனி வைத்த உன் காலும் என் காலும் இருக்கிறது. செருப்பில் ஒட்டிய மண்ணே போதுமாம். அமுதா குஞ்சுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி, கோழிக்கூட்டை மிதித்ததே இல்லை. கடைசியில் கொல்லையைச் சுற்றிக் கல் மேல் நடந்தாளே, அவள் கால் ஒன்றுதான் இதில் சேராத கால்.

நான் வந்து சொன்னபோது நீ என்ன கேட்டாய்? "அப்ப மயிலு? அப்ப பாம்பு? எல்லாம் ஒண்ணா எப்படிம்மா வரும்?" நானும் அதையே டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். பாம்பு உடம்பில் இருந்தது உண்ணியாம், மாட்டுக்கு இருக்கிற மாதிரி சாரைக்கும் உடும்புக்கும் உண்டாம், ரத்தம் குடித்து உப்பிக் கிடந்திருக்கிறது. மயிலுக்கும் இந்தக் கருந்தலை நோய் வரும், ஆனால் அறுத்துப் பார்க்காமல் அதுதான் என்று அடித்துச் சொல்லமாட்டேன் என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் மற்றதை நான் நம்பினேன். அந்தச் சாரை போன வருஷமும் உண்ணியோடுதான் திரிந்திருக்கும். நம் வீட்டில் அப்போது புதுப்பெண் இல்லை, யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

மண்ணுக்குள் ஏதோ இருக்கிறது என்று நீ சொல்வது பொய்யில்லை, அது உண்மைதான். அதனால்தான் எனக்கு இன்னும் பயம் விடவில்லை. நீ தேடுகிற தகடாவது ஓர் இடத்தில் இருக்கும். இந்தப் புழுமுட்டை அந்தக் கொல்லை முழுக்க, நம் கண்ணுக்கே தெரியாமல், வருஷக்கணக்காகக் காத்துக் கிடக்குமாம். காற்றும் வெயிலும் சட்டென்று கொல்லாதாம். மழை பெய்ததும் மண்புழு மேலே வரும்போது என் கால் தானாகக் கூசுகிறது. நாளைக்கு நீ அங்கே தோண்டினால் அதைத்தான் கிளறி மேலே கொண்டுவரப் போகிறாய். அந்த ஆள் மடியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துக் காட்டுவார், நீ நம்புவாய், நிம்மதியாகப் புதிதாகக் குஞ்சு வாங்கி அதே மண்ணில் விடுவாய். அவையும் அப்படியே கண்ணை மூடி நிற்கும். அப்புறம் அமுதாவை எங்கே அனுப்புவாய்? பிறந்த வீட்டுக்கு அந்தப் பக்கம் கடல்தான் இருக்கிறது.

மிச்சமிருக்கிற வான்கோழிகளை நேற்றே சிமெண்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன், கடலை மூட்டை கூடத்தில் கிடக்கிறது. கோழிகளுக்குப் புழுமருந்து கொடுத்து அடைத்திருக்கிறேன். கொல்லையில் இனி வான்கோழி வேண்டாம். இதெல்லாம் நீ தொடர்ந்து செய்யாவிட்டாலும் பெரிய காரியமில்லை, வான்கோழி போனால் வேறு தொழில் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று சாயங்காலம் அமுதாவின் அம்மா போன் பண்ணினாள். பெரிய மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்தாயிற்றாம். "அமுதா அவ அக்கா புள்ளையத் தூக்க மாட்டேங்குறா சம்பந்தி. நெலைப்படிக்கு வெளியவே நின்னு எட்டிப் பாத்துட்டுப் போறா. உள்ள வாடின்னா, நான் மிதிச்சா புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்மாங்குறா. அங்க என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டு அழுதேன். நீ அவளை ஒரு பஸ்ஸில்தான் ஏற்றினோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பெண் தன் காலையே விஷம் என்று நம்பிக்கொண்டு நிற்கிறாள்.

அதனால் நான் மீமிசலுக்குப் போகிறேன். சம்பந்தி வீட்டுக்குப் போனால் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்புவதுதான் மரியாதை, தங்கினால் ஊர் சிரிக்கும் என்று எனக்கும் தெரியும். சிரிக்கட்டும். யாரால் வந்தது என்று பார்த்துத்தான் வீட்டை விட்டு அனுப்புவதென்றால், என் கோழியால் வந்தது, போக வேண்டியவள் நான். டாக்டர் பெண் சொன்னதையெல்லாம் அமுதாவிடம் சொல்வேன், அவள் தலையை ஆட்டுவாள், ஆனாலும் நிலைப்படிக்கு வெளியேதான் நிற்பாள். நான் சொன்னால் ஆறாது. அவள் காலைப் பார்த்தவன் நீ, நீ வந்து சொல்ல வேண்டும். அதுவரை நானும் அங்கேதான் இருப்பேன்.

நாளைக்கு வருகிற ஆளை வந்த வழியே அனுப்பிவிட்டு பஸ் ஏறு. பழம், பூ எதுவும் வாங்க வேண்டாம். அந்த வீட்டு வாசலில் நின்று, "ஒன் கால்ல ஒண்ணுமில்ல அமுதா, புள்ளையத் தூக்கு" என்று சொல். என்னிடம் பேசுகிற மாதிரி முணுமுணுக்காதே, சத்தமாகச் சொல். அவள் அப்பாவுக்கும் கேட்கட்டும்.

அம்மா